எல்லைப்பகுதி மாணவரின் கட்டுரையாக்கம்

1956இல் மாநிலங்கள் மொழிவழிச் சீரமைக்கப்பட்டபோது, தமிழர் வாழும் சித்தூர், தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் இடம்பெற்றன. அங்குத் தமிழில் ஆய்வுக்கட்டுரை எழுதும் மாணவர்க்கு இருமொழிப் பயிற்சி வலிமையே. எனினும் வடிவொத்த சொற்கள் பொருளை மாற்றிவிடக்கூடும். ‘உபந்நியாசம்’ தமிழில் சமயச் சொற்பொழிவு, மலையாளத்தில் கட்டுரை. ‘அவசரம்’ தமிழில் விரைவு, மலையாளத்தில் வாய்ப்பு. மேலும், தமிழ் வினைமுற்றுப்போல் மலையாள வினைமுற்று பால், எண், இடம் காட்டுவதில்லை.

ஆகவே, திட்டமிடுகையில் கருத்துகளை இருமொழியிலும் குறித்துக்கொள்ளலாம். வரைவைத் தடையின்றி எழுதி முடிக்கலாம். திருத்தத்திற்கோ மூன்று தனி வாசிப்புகள் வேண்டும்: முதலாவது கருத்தொழுங்கிற்கு, இரண்டாவது எழுவாய், பயனிலை இயைபிற்கு, மூன்றாவது வடிவொத்த சொற்களுக்கு. இத்தகைய சொல் திருத்தப்படாது நிற்பின், மாணவரின் மொழிச்சூழல் அவரது அறிவுக்குறையாக மதிப்பிடப்பட்டுவிடும்.