யோங்பியோங் பனியில் ஒரு நாள்

காப்பாரில் எனக்குத் தெரிந்த குளிர் ஐஸ் கச்சாங்கோடு சரி. சியோலில் ஒரு பருவம் படிக்கப் போனபோது, தோழிகள் மூவரோடு விடியற்காலைப் பேருந்தில் யோங்பியோங் பனிச்சறுக்குத் தளத்திற்குச் சென்றேன். 1975இல் திறக்கப்பட்ட தளம். சரிவில் இயந்திரங்கள் பனியைத் தூவிக்கொண்டிருந்தன; கொரியக் குளிர்காலம் வறண்டது என்பது அங்குதான் புரிந்தது.

வாடகைக் காலணியை மாட்டவே அரை மணி நேரம். பலகைகளின் முன்நுனியைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்தால் வேகம் குறையும் என்றார் பயிற்றுநர். கால் கேட்டால்தானே! நான்கு முறை விழுந்தேன். பக்கத்தில் ஒரு குட்டிப்பெண் சர்ரென்று இறங்கிப் போனாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மலேசியா முதன்முதலாகப் பங்கேற்ற 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் நம் வீரர் ஜெஃப்ரி வெப் சறுக்கியது இதே மலையில்தான். அவரை நினைத்து எழுந்தேன்.

பேருந்து புறப்படுமுன், ஒரே ஒருமுறை விழாமல் அடிவாரம் வந்து சேர்ந்தேன். தோழி காணொளி எடுக்க மறந்துவிட்டாள்.