பின்கட்டில் அடுப்பங்கரை, முன்னால் நெடுஞ்சாலை

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கிள்ளான் துறைமுகத்தை நோக்கி ஓடும் கொள்கலன் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். இழுக்கும் முன்பகுதி தனி, பாரம் சுமக்கும் பின்பகுதி தனி. அந்தக் கொள்கலனை இறக்கிவிட்டு, அதே இடத்தில் படுக்கையறை, கூடம், குளியலறை, சமையலறை எல்லாம் அமைந்த ஒரு வீட்டை வைத்துப் பாருங்கள். லாரிக்குப் பதில் ஒரு பெரிய பிக்கப் வண்டி அதை இழுக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 'ஃபிப்த் வீல்' என்று சொல்லப்படும் இழுவை வீடு இதுதான்.

பணி ஓய்வு பெற்ற தம்பதிகள், வேலைத்தளம் மாறிக்கொண்டே இருக்கும் கட்டுமானத் தொழிலாளர்கள், ஒப்பந்தத்தில் ஊர் ஊராகப் பணியாற்றும் தாதியர், கணினியும் இணையமும் இருந்தால் எங்கிருந்தும் வேலை பார்க்கக்கூடிய இளம் குடும்பங்கள் எனப் பலர் அங்கே இதில் ஆண்டு முழுவதும் வசிக்கிறார்கள். இவ்வகை வண்டிகளின் விலை முதல் சில ஆண்டுகளிலேயே வேகமாகச் சரியும் என்பதால், பழைய வண்டியைத் தேடுவோர் அதிகம். ஆனால் சேமிப்பைப் போட்டு, சில சமயம் இருந்த வீட்டையும் விற்று வாங்கிய வண்டி காலை வாரினால், திரும்பிப் போக வேறு கூரை கிடையாது. ஆகவே இது வெறும் உல்லாசப் பயணக் கதை அல்ல.

ஐந்தாவது சக்கரம் எங்கே?

பெயரைக் கேட்டு ஐந்தாவது டயரைத் தேட வேண்டாம். குதிரை வண்டிக் காலத்தில், முன் அச்சு இடமும் வலமும் திரும்ப வசதியாக அதன் மேல் ஒரு வளையத்தைப் படுக்கை வாக்கில் பொருத்தினார்கள். நான்கு சக்கரங்களோடு அது ஐந்தாவதாகக் கணக்கில் சேர்ந்தது. பிறகு லாரிகளின் இணைப்புத் தட்டுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

பிக்கப் வண்டியின் பின்தட்டில், பின் அச்சுக்கு நேர் மேலே இந்த இணைப்பு பொருத்தப்படுகிறது. இழுவை வீட்டின் அடியிலுள்ள இரும்பு முளை அதில் வந்து பூட்டிக்கொள்ளும். வண்டியின் வால்பகுதியில் மாட்டி இழுக்கும் சாதாரண கேரவனைவிட இது சாலையில் குறைவாகவே ஆடும். இணைப்புக்கு மேலே உயர்ந்திருக்கும் பகுதி வீணாகாமல், சில படிகள் ஏறிச் செல்லும் படுக்கையறை ஆகிவிடுகிறது.

பாட்டி வீட்டு அமைப்பு

சில வண்டிகளில் கூடம் பின்னால் இருக்கும். சிலவற்றில் சமையலறை பின்னால். நம் தோட்டத்து லயன் வீடுகளில் அடுப்பங்கரை பின்கட்டில் இருந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இரண்டாவது அமைப்பு உடனே பிடித்துப்போகும். பின்சுவரை ஒட்டி வளைந்து செல்லும் மேடை, நடுவில் கழுவு தொட்டி, அதன் மேல் அகலமான ஜன்னல். பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு நாள் ஏரியையும் மறுவாரம் பாலைவனத்தையும் பார்க்கலாம். தாளிக்கும் வாசம் மெத்தையில் ஏறாது. படுக்கை ஒரு கோடியில், அடுப்பு மறு கோடியில்.

ஆனால் இந்த அழகுக்கு ஒரு விலை உண்டு. விரைவுப் பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்தவர்களுக்கு அது தெரியும். சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும் பகுதிதான் குண்டும் குழியுமான சாலையில் அதிகம் தூக்கிப்போடும். பின்சமையலறையில் கண்ணாடிப் பாத்திரங்களை அப்படியே அடுக்கிவைத்துப் புறப்பட்டால், போய்ச் சேர்ந்ததும் அலமாரியைத் திறக்கவே பயமாக இருக்கும். தட்டுகளுக்கு இடையே துணி விரிப்பதும், கதவுகளுக்குத் தாழ் போடுவதும், கனமான சாமான்களைக் கீழ்த்தட்டில் வைப்பதும் அன்றாட வேலையாகிவிடும்.

ஜன்னலைப் பார்க்காதீர்கள், மூலையைப் பாருங்கள்

பழைய வண்டி பார்க்கப் போகிறவரை முதலில் மயக்குவது அந்த ஜன்னல்தான். உண்மையைச் சொல்வதோ அதன் கீழிருக்கும் மூலைகள். இவ்வண்டிகளுக்கு முதல் எதிரி தண்ணீர். பெரும்பாலான கூரைகள் ரப்பர் போன்ற மெல்லிய விரிப்பால் மூடப்பட்டவை. காற்றுத்துளை, ஏசி ஆகியவற்றைச் சுற்றிப் பூசிய பசை வெயிலில் வெடிக்கும். மழைநீர் அந்த வெடிப்பில் இறங்கி, யாருக்கும் தெரியாமல் மரச்சட்டத்தை மக்கச் செய்யும்.

எனவே ஏணி கேட்டு வாங்கிக் கூரையில் பாருங்கள். உள்ளே வந்து அலமாரிகளின் பின்மூலைகளை விரலால் அழுத்துங்கள். கழுவு தொட்டியின் கீழே டார்ச் அடியுங்கள். குளியலறையிலும் பின்சுவர் ஓரமாகவும் நடக்கும்போது தரை மெத்தென்று அமுங்கினால் அடிப்பலகை ஊறியிருக்கலாம். வெளிச்சுவர் கொப்புளம் போல உப்பியிருந்தால் உள்ளே ஈரம் புகுந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாசனைத் திரவியம் அளவுக்கு மீறி மணந்தாலும் சந்தேகப்படலாம்.

அடுத்தது டயர். பூவேலை தேயாமல் புதியது போலத் தெரியும். ஆனால் ஓடாமல் நின்ற டயரும் வயதாகும். அதன் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் மாற்றிவிடுவது அங்குள்ள அனுபவசாலிகளின் வழக்கம்.

எரிவாயுவிலும் மின்சாரத்திலும் இயங்கும் குளிர்பெட்டி குளிர்வதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். முதல் நாளே அதைப் போட்டுவைக்கச் சொல்லிவிட்டுப் போவது நல்லது. பக்கச்சுவர் இழுப்பறை போல வெளியே நகர்ந்து கூடத்தை அகலமாக்கும் அமைப்பு இருந்தால், அதை முழுவதும் வெளியே தள்ளி மீண்டும் உள்ளே இழுக்கச் சொல்லிப் பாருங்கள்.

கிலோ கணக்கு

வீட்டை வாங்கியவர்கள் பலர் தடுமாறுவது இழுக்கும் வண்டியில்தான். இழுவை வீட்டின் எடையில் 15 முதல் 25 விழுக்காடு பிக்கப் வண்டியின் மேல் நேரடியாக இறங்கும். 4,500 கிலோ எடையுள்ள வீடு என்றால், 20 விழுக்காட்டுக் கணக்கில் 900 கிலோ. இணைப்புக் கருவியும் குடும்பத்தாரும் சேர்ந்தால் 1,200 கிலோவை எட்டும். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டில், அந்த பிக்கப் எவ்வளவு சுமை தாங்கும் என்று எழுதியிருக்கும். விற்பவரின் வாக்கைவிட அந்தச் சீட்டை நம்புங்கள்.

பின்சமையலறை இங்கும் கணக்கில் வரும். அரிசி மூட்டை, இரும்புச் சட்டி, டின் உணவு என்று எல்லாவற்றையும் சக்கரங்களுக்குப் பின்னால் ஏற்றினால், முன்பக்கம் இறங்க வேண்டிய பாரம் குறையும். அது மிகவும் குறைந்தால் வண்டி அலைபாயும். தண்ணீரும் சுமைதான். 190 லிட்டர் தொட்டியை நிரப்பினால் 190 கிலோ கூடும்.

சிறிய வீட்டின் பெரிய பாடம்

சமையலறை, குளியலறைக் கழிவுநீருக்கு ஒரு தொட்டி, கழிப்பறைக்கு இன்னொன்று. இரண்டையும் அதற்கென உள்ள இடத்தில்தான் திறந்துவிட வேண்டும். கழிப்பறைத் தொட்டியின் அடைப்பானைத் திறந்தே வைத்தால் நீர் மட்டும் ஓடிவிடும், மற்றது தங்கி இறுகிவிடும். புதியவர்கள் ஒரு முறை செய்து, வாழ்நாள் முழுதும் மறக்காத தவறு இது.

மின்சாரத்துக்கும் அளவுண்டு. 30 ஆம்பியர் இணைப்பில் ஏசி, மைக்ரோவேவ், சுடுநீர்க் கருவி மூன்றும் ஒன்றாக ஓடினால் இணைப்பு துண்டித்துக்கொள்ளும். குளிர்காலத்தில் குழாய் நீர் உறைந்து வெடிக்கும் அபாயமும் உண்டு. அதனால்தான் வட மாநிலத்தாரும் கனடியர்களும் தெற்கே இறங்குகிறார்கள். 'பனிப் பறவைகள்' என்று இவர்களுக்குப் பெயர். அரிசோனாவின் குவார்ட்ஸைட் அருகே அரசு நிலத்தில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிச் சீட்டு பெற்றுத் தங்கலாம்.

ஊர் ஊராகப் போகிறவர்களுக்குக் கடிதம் எங்கே வரும்? 1978-இல் தொடங்கிய 'எஸ்கேப்பீஸ்' என்ற சங்கம் டெக்சஸின் லிவிங்ஸ்டன் நகரிலிருந்து, உறுப்பினர்கள் இருக்கும் இடத்துக்கே தபாலைத் திருப்பி அனுப்புகிறது. பழைய வண்டிக்காரர்களுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. பத்தாண்டுக்கு மேற்பட்ட வண்டிகளைச் சில தனியார் தங்குமிடங்கள் சேர்ப்பதில்லை. முழுநேரம் குடியிருப்போருக்கான காப்புறுதியும் தனி. இவை இரண்டையும் வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவிலோ கனடாவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள், உறவினர்கள் இப்படி ஒரு யோசனையோடு உங்களிடம் பேசினால் உடனே தடுக்க வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். முதலில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து, நான்கு பேருக்கும் மூன்று வேளை அதில் சமைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மழை பெய்யும் வாரமாக அமைந்தால் இன்னும் நல்லது. கூரை எப்படி இருக்கிறது, குடும்பத்தார் எப்படி இருக்கிறார்கள் என்ற இரண்டும் அப்போதே தெரிந்துவிடும்.