அளவைத் தீர்மானிப்பது மார்பின் அகலம்

மார்பகப் புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவருக்கோ, மார்பகத்தைப் பெரிதாக்க விரும்புபவருக்கோ பொருத்தப்படும் சிலிக்கோன் உள்வைப்பின் அளவு, உள்ளாடையின் 'கப்' எழுத்தால் அன்றி, கொள்ளளவைக் காட்டும் சி.சி., அதாவது கன சென்டிமீட்டர், கணக்கில் குறிக்கப்படுகிறது. 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்னும் மருத்துவர்கள் முதல் சிலிக்கோன் உள்வைப்பைப் பொருத்திய காலத்தைவிட இன்று வகைகள் பலவாகப் பெருகியுள்ளன, எனினும் சி.சி. எண் மட்டும் தோற்றத்தைத் தீர்மானிப்பதில்லை.

மார்புச்சுவரின்மேல் உள்வைப்பு படியும் அடி அகலம், அப்பெண்ணின் இயல்பான மார்பக அகலத்துக்குள் அடங்க வேண்டும் என்பதே முதன்மையான அளவுகோல். அது மீறப்பட்டால் உள்வைப்பு அக்குள் பக்கம் துருத்தக்கூடும், அல்லது இரு மார்பகங்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மறைந்துபோகக்கூடும். 'புரொஃபைல்' என்பது அந்த அடியிலிருந்து உள்வைப்பு எவ்வளவு முன்னெழுகிறது என்பதைக் குறிப்பதால், இரண்டு உள்வைப்புகள் ஒரே 300 சி.சி. கொண்டவையானாலும், தாழ்ந்த புரொஃபைல் உடையது அகன்று தட்டையாகவும், உயர்ந்தது குறுகி எடுப்பாகவும் அமையும். தோலும் திசுவும் மெல்லியவராயின், மிகப் பெரிய உள்வைப்பின் விளிம்பு வெளியே தெரிவதோடு, அதன் எடையால் தோலும் காலப்போக்கில் தளரும். ஆகவே பிறருடைய படத்தைக் காட்டி அதே எண்ணைக் கேட்பது பிழையான வழி. எந்த உள்வைப்பும் ஆயுள் முழுதும் நீடிப்பதற்கானதன்று. பிற்காலத்தில் மறு அறுவை தேவைப்படலாம் என்பதையும் கணக்கில் கொண்டே அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.