பெயரில் குரங்கு... பரப்பியது அணில்!

குட்டீஸ், பிரெய்ரி நாய் என்றொரு பிராணி இருக்கிறது. பெயர்தான் நாய், உண்மையில் அது அணில் குடும்பத்தைச் சேர்ந்தது. வட அமெரிக்கப் புல்வெளிகளில் வளை தோண்டி வாழும். ஆபத்து வந்தால் குரைப்பது போலச் சத்தமிடும். அதனால்தான் இந்தப் பெயர். கொழுகொழுவென்று இருக்கும் இந்தப் பிராணியை, அமெரிக்காவில் சிலர் வீட்டில் ஆசையாக வளர்ப்பதுண்டு.

2003ம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், 3 வயதுச் சிறுமி ஒருத்தியை அவள் வீட்டுப் பிரெய்ரி நாய் கடித்து விட்டது. சில நாட்களில் அவளுக்குக் காய்ச்சல், உடம்பில் கொப்புளங்கள். அந்தப் பிராணியும் இறந்து போனது. மாதிரிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு ஒரே அதிர்ச்சி! பெரியம்மைக் குடும்பத்து வைரஸ் அது!

பெரியம்மைதான் உலகை விட்டே ஒழிந்து விட்டதாக 1980ல் அறிவித்து விட்டார்களே? ஆமாம். இது அதன் தம்பியான குரங்கு அம்மை. அதுவரை ஆப்பிரிக்காவுக்கு வெளியே எந்த மனிதருக்கும் இது வந்ததாகத் தெரியவில்லை. பிறகு எப்படி அமெரிக்காவுக்கு வந்தது?

அதிகாரிகள் துப்பறியத் தொடங்கினர். பிரெய்ரி நாய்களை விற்றது யார், அவருக்குக் கொடுத்தது யார் என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போனார்கள். 2003 ஏப்ரலில், ஆப்பிரிக்காவின் கானா நாட்டிலிருந்து சுமார் 800 சிறு பிராணிகள் டெக்சாஸ் மாநிலத்துக்கு வந்திருந்தன. கன்னத்தில் பை உள்ள பெரிய எலிகளும் அவற்றில் இருந்தன. அவற்றில் சிலவற்றை இல்லினாய் மாநில வியாபாரி ஒருவர் வாங்கி, பிரெய்ரி நாய்களுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். அங்கேதான் நோய் தாவியது!

மூலம் தெரிந்ததும் வேலை வேகமாக நடந்தது. நோயுற்ற பிராணிகளைத் தனியே பிரித்தனர். நோயாளிகளுடன் பழகியவர்களைக் கண்காணித்தனர். 30 பேருக்குப் பெரியம்மைத் தடுப்பூசி போட்டனர். அண்ணனுக்குப் போடும் ஊசி தம்பியையும் தடுக்கும் அல்லவா! ஜூன் 11ல், ஆப்பிரிக்க எலி, அணில் வகைகளை இறக்குமதி செய்யத் தடை வந்தது.

பலன்? 6 மாநிலங்களில் 47 பேருடன் நோய் நின்று விட்டது. இரண்டு குழந்தைகள் ஆபத்தான நிலைக்குப் போய்ப் பிழைத்தனர். ஒருவர் கூட இறக்கவில்லை!

இதில் குரங்கு எங்கே வந்தது என்கிறீர்களா? 1958ல் டென்மார்க் நாட்டு ஆய்வுக்கூடக் குரங்குகளிடம்தான் இந்த வைரஸ் முதலில் தெரிந்தது. பாவம், பெயர் ஒட்டிக் கொண்டது! 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் இதற்கு, 'எம்பாக்ஸ்' என்று புதுப் பெயர் வைத்தது.

2022ல் இந்த நோய் வேறு விதமாக வந்தது. நெருங்கித் தொடுவதால் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றி, 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது. 2022 ஜூலையிலும், 2024 ஆகஸ்டிலும் உலக அவசர நிலை அறிவிக்கப்பட்டது. இரண்டாவது அவசர நிலை 2025 செப்டம்பரில்தான் முடிவுக்கு வந்தது.

ஒரு வருத்தமான விஷயம்... மனிதர்களில் முதன்முதலாக இந்த நோய் கண்டறியப்பட்டது, 1970ல் காங்கோவில், 9 மாதக் குழந்தையிடம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 2022லேயே புதிய தடுப்பூசி போட்டனர். பல ஆண்டுகளாக இந்த நோயோடு போராடும் காங்கோவுக்கு முதல் தடுப்பூசிகள் வந்து சேர்ந்தது, 2024 செப்டம்பரில்தான்! நோய் பிறக்கும் இடத்திலேயே அதைத் தடுத்தால்தானே மற்ற நாடுகளுக்கும் பாதுகாப்பு?

குட்டீஸ், காட்டுப் பிராணிகள் காட்டிலேயே இருக்கட்டும். எந்தப் பிராணியாவது கடித்தாலோ, கீறினாலோ, திட்டு விழும் என்று பயந்து மறைக்காதீர்கள். உடனே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி விட்டு, அம்மா அப்பாவிடம் சொல்லி மருத்துவரிடம் போய் விடுங்கள். சரியா?