அமெரிக்கப் பயணிகள் ரயில்: வழித்தடங்களும் வருங்காலமும்

அமெரிக்காவில் நகரங்களுக்கிடையே பயணிகள் ரயில்களைத் தனியார் நிறுவனங்களே நெடுங்காலம் நடத்திவந்தன. நெடுஞ்சாலைகளும் விமானங்களும் பெருகிப் பயணிகள் குறைந்து நட்டம் கூடவே, 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆம்ட்ராக் என்னும் தேசிய நிறுவனம் உருவாகி, 1971 மே 1 அன்று வண்டிகளை இயக்கத் தொடங்கியது.

ஆனால் பயணிகள் சேவையைக் கைவிட்ட நிறுவனங்கள் தண்டவாளங்களைக் கைவிடவில்லை. வாஷிங்டன், நியூயார்க், பாஸ்டன் நகரங்களை இணைக்கும் வடகிழக்குத் தடத்தின் பெரும்பகுதி பின்னர் ஆம்ட்ராக்கின் உடைமையாயிற்று; பிற பகுதிகளில் அதன் வண்டிகள் பெரும்பாலும் சரக்கு ரயில் நிறுவனங்களின் பாதைகளில் கட்டணம் செலுத்தியே ஓடுகின்றன. பயணிகள் வண்டிக்கே முன்னுரிமை என்று சட்டம் சொன்னாலும், அதை மீறும் நிறுவனத்தின்மீது மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரே வழக்குத் தொடுக்க முடியும். ஒற்றைப் பாதையில் வண்டிகள் ஒதுங்குவதற்கென அமைந்த கிளைத்தடத்தில் அடங்காத நீளத்தில் சரக்கு வண்டி எதிரே வந்தால், பயணிகள் வண்டியே ஒதுங்கிக் காத்துநிற்க நேர்கிறது.

அடுத்த சிக்கல் பணம். 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வடகிழக்குத் தடம் நீங்கலாக, 750 மைலுக்கு, அதாவது சுமார் 1,200 கிலோமீட்டருக்கு, உட்பட்ட தடங்களின் இயக்கச் செலவில் கட்டணவரவு போக எஞ்சுவதை மாநிலங்கள் ஏற்க வேண்டும். அதைவிட நீண்ட தடங்களை மத்திய அரசின் மானியம் தாங்குகிறது. எனவே பல மாநிலங்களைக் கடக்கும் ஒரு குறுந்தடத்தில் ஒரு மாநிலம் பின்வாங்கினாலும் திட்டம் தடுமாறுகிறது. அச்சட்டத்துக்கு முன்பே சேவையை இழந்த நகரங்களும் அதை மீண்டும் பெறவில்லை: ஒஹாயோவின் தலைநகரான கொலம்பஸ் 1979 முதலும், அரிசோனாவின் தலைநகரான ஃபீனிக்ஸ் 1996 முதலும் ஆம்ட்ராக் ரயிலின்றி இருக்கின்றன.

2021-ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டம் ரயில்துறைக்கு 66 பில்லியன் டாலர் ஒதுக்கியது. 2023 டிசம்பரில் 69 தடங்கள் திட்டமிடலுக்கான உதவி பெறத் தேர்வாயின. எனினும் தேர்வு என்பது ஆய்வின் தொடக்கமே. 2005-இல் கத்ரீனா புயலால் நின்றுபோன நியூ ஆர்லியன்ஸ்–மொபீல் சேவை, பாதையின் கொள்ளளவு குறித்த வழக்காடல்களையும் நிதிப் பேச்சுகளையும் கடந்து மீண்டும் ஓட 2025 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு தடத்தை மதிப்பிடும்போது, அது எந்த ஊர்களைத் தொடுகிறது என்பதோடு எத்தனை முறை ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நியூ ஆர்லியன்ஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் செல்லும் சன்செட் லிமிடெட் வாரத்தில் மூன்று நாள் மட்டுமே ஓடுவதால், அதை நம்பி எவரும் தம் அலுவல்களை வகுத்துக்கொள்ள இயலாது. சிகாகோ–செயின்ட் பால் தடத்திலோ, நாளுக்கு ஒரு வண்டி என்றிருந்த நிலை மாறி 2024 மே மாதம் இரண்டாம் வண்டி சேர்ந்தபோது, பயணிகள் தமக்கேற்ற நேரத்தைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு உண்டாயிற்று.

ஆகவே புதிய தடங்களை வரைவதற்கு முன்பாகவோ அதனுடனோ, முன்னுரிமைச் சட்டத்தை உறுதியாக நடைமுறைப்படுத்துவதும், வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதும், ஆண்டுதோறும் இழுபறிக்கு உள்ளாகாத நிலையான நிதியை உறுதிசெய்வதும் அமெரிக்க அரசின் கடமையாகும். இம்மூன்றும் இல்லாத வழித்தடத் திட்டம் மக்களுக்குப் பயன்படாது.