விரதம் காப்போருக்கு இலை விரிக்கும் சிராங்கூன் சாலை

தை பிறந்துவிட்டால் சிராங்கூன் சாலையில் இருவகை வரிசைகளைக் காணலாம். ஒன்று, காவடிக்கும் பால்குடத்துக்கும் வேண்டிய பொருள்களை வாங்குவதற்காகப் பூசைப் பொருள் கடைகளின் முன்னால் நிற்கும் வரிசை. மற்றொன்று, நண்பகல் நெருங்கும் வேளையில் சைவ உணவகங்களின் வாயிலில், ஐந்தடியில் நின்றபடி இலைக்குக் காத்திருக்கும் வரிசை. முன்னதைப் பற்றி ஆண்டுதோறும் விழாச் சிறப்பிதழ்கள் எழுதி வருகின்றன. பின்னதைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. சாப்பிடுவதற்கு நிற்கும் வரிசையில் பக்தி என்ன இருக்கிறது என்று எண்ணிவிட்டோம் போலும்.

காவடி எடுப்போர் ஒரு மண்டலமோ, அவரவர் வழக்கப்படி அதனினும் குறைந்த நாள்களோ மரக்கறி உணவு மட்டும் கொண்டு விரதம் காப்பர். அவ்வுணவு குளித்து முழுகிய பின் வீட்டில் சமைத்ததாக இருத்தல் வேண்டும் என்பது பெரியோர் வழக்கு. உணவகத்தில் உண்டு விரதம் காப்பதை அவர்கள் இக்காலத்துச் சோம்பல் என்று கடிந்துகொள்வதும் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் அடுக்குமாடி வீட்டில் பகல் உணவுக்கு அடுப்பு மூட்டுவார் யார்? முறைமாற்றி வேலை செய்யும் தாதியும், பேருந்து ஓட்டுநரும், பாதுகாவலரும் வீடு திரும்பும் நேரம் எது? தைப்பூசம் சிங்கப்பூரின் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது 1968ஆம் ஆண்டில். அன்று முதல், விடுப்பு எடுத்தவரைத் தவிர ஏனையோர் பூச நாளன்றும் அலுவலகத்தில் கையெழுத்திட்டுவிட்டுத்தான் முருகனைக் காணச் செல்கின்றனர். அத்தகையோர் விரதத்தின் பாதியை உணவக மேசையிலேதான் காத்தாக வேண்டும்.

மேலும், இது இக்காலத்துப் பழக்கமே அன்று. இந்நாட்டில் தமிழரின் விரதம் தொடக்க காலத்திலிருந்தே பெரும்பாலும் சாப்பாட்டுக் கடையை நம்பியே நடந்து வந்திருக்கிறது.

இங்கு முதலில் வந்து சேர்ந்த தமிழர்களில் ஆண்களே மிகப் பெரும்பாலோர். துறைமுகத்திலும் நகராட்சியிலும் கடைகளிலும் உழைத்த அவர்கள் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்தவர்கள். கடைவீடுகளின் மேல்மாடிகளிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் ஒரே அறையில் பலர் படுத்துறங்கினர். பாய் விரிக்க இடம் இருந்ததே தவிர அடுப்புக்கு இடம் இருந்ததில்லை. மாதக் கணக்கு வைத்துச் சாப்பிட்ட கடைதான் அவர்களுக்கு வீடு. அந்தக் கடையில் இலை போட்டவர்தாம் தாய்க்கும் தாரத்துக்கும் பதிலாக நின்றவர். ஊரில் தாய் சமைத்த விரதச் சோற்றை நினைத்துக்கொண்டு இங்கே கடைச்சோற்றை உண்டு காவடி தூக்கியவர்களின் வழிவந்தோர்தாம் நம்மில் பலர். வீட்டு அடுக்களை என்னும் வசதி நம் குடும்பங்களுக்குப் பரவலாக வாய்த்தது பிற்காலத்தில்தான்.

அந்தத் தேவையிலிருந்து பிறந்தவையே நம் சைவ உணவகங்கள். ஆனந்த பவன் 1924ஆம் ஆண்டில் தோன்றியது, நூற்றாண்டைக் கடந்துவிட்டது. சிராங்கூன் சாலையின் கோமள விலாஸ் 1947இல் தொடங்கப்பட்டது. சப்பானியர் ஆட்சி முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த மக்கள் மீண்டும் சோற்றைக் காணத் தொடங்கியிருந்தனர். அரிசிக்குப் பங்கீடு இருந்தது. அந்த நாளில் ஒரு சைவக் கடையைத் திறந்து இலை நிறையச் சோறு போடுவதென்பது வாணிபத் துணிவு மட்டுமன்று என்றே நமக்குத் தோன்றுகிறது. 2015ஆம் ஆண்டு நவம்பரில் பிரதமர் லீ சியன் லூங் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியை அழைத்துச் சென்று விருந்தளித்ததும் இதே கோமள விலாசில்தான். நாளிதழ்கள் அதைப் பெரிதாக எழுதின. ஆயின், அதே மேசைகளில் எத்தனை தலைமுறைக் காவடிக்காரர்கள் ஒருவேளைச் சோற்றோடு எழுந்து போயிருப்பார்கள் என்பதை எந்தப் படமும் காட்டாது.

இன்னொரு வேடிக்கையையும் ஈண்டுக் குறிப்பிடலாம். இவ்வட்டாரத்தின் பழம்பெயராகிய கண்டாங் கெர்பாவ் என்பதற்கு எருமைத் தொழுவம் என்று பொருள். கால்நடை வாணிபம் செழித்த இடம் இது. பஃபலோ சாலை இன்றும் அந்தப் பெயரைச் சுமந்து நிற்கிறது. அப்படிப்பட்ட இடம்தான் தீவிலேயே மரக்கறி உணவுக்குப் பெயர்பெற்ற இடமாக மாறியது. வீரமாகாளியம்மனும் ஸ்ரீநிவாசப் பெருமாளும் வடபத்திர காளியம்மனும் ஒரே சாலையில் கோயில்கொண்டிருப்பதால் நேர்ந்த மாற்றம் என்று பக்தர்கள் சொல்லக்கூடும். கோயிலுக்கு வருவோருக்குப் பசி உண்டு என்பதை அறிந்த வணிகர்களும் இம்மாற்றத்தில் பங்கு கொண்டவர்களே.

இனி, இலைக்கு வருவோம். நுனியிலை உண்பவரின் இடப்பக்கம் நோக்கி இருத்தல் வேண்டும். நீர் தெளித்துத் துடைத்த பின்னரே பரிமாறுதல் முறை. உப்பும் ஊறுகாயும் ஓரத்தில் அமர, கூட்டும் பொரியலும் மேல்பாதியில் இடம் பிடிக்க, கீழ்ப்பாதியில் ஆவி பறக்கும் சோறு விழும். முதலில் பருப்போ சாம்பாரோ, பின்னர் வற்றற்குழம்பு, அதன்பின் ரசம், முடிவில் மோர். கோயில் பந்தியில் காணும் இதே வரிசையை உணவகங்களும் பெருமளவு காத்து வருகின்றன. கூட்டம் மிகுந்த நாள்களில் எல்லாருக்கும் நுனியிலை வாய்க்காது. துண்டு இலைதான் கிடைக்கும், சில இடங்களில் எவர்சில்வர் தட்டின்மேல் வட்டமாக நறுக்கிய இலை. இதற்காக முகம் சுளிப்பவர்களைக் கண்டிருக்கிறோம். காலையில் பாலும் பழமும் மட்டும் உண்டு, பிற்பகல் ஒரு மணிக்கு ஒரே ஒரு வேளைச் சோற்றுக்காக வந்து அமரும் விரதக்காரர் இலையின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. இரண்டாம் முறை சோறு கேட்க அவர் கூச்சப்படுவார். கேளாமலே வந்து சோற்றுக் கரண்டியைச் சாய்க்கும் பரிமாறுபவர் இன்றும் இச்சாலையில் இருக்கிறார். அவருக்கு யாரும் அதைக் கற்றுக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

விரதக்காரர்கள் உணவகத்தில் கவனிக்க வேண்டியவையும் சில உள. வெங்காயமும் பூண்டும் விலக்குவோர், ‘சைவம்’ என்னும் பலகையை மட்டும் நம்பி அமர்ந்துவிடலாகாது. சாம்பாரில் சின்ன வெங்காயம் மிதக்கும். மசாலா தோசையின் உள்ளீட்டிலும் ரவா தோசையிலும் வெங்காயம் இருக்கும். குருமாவில் பூண்டு இருக்கும். தயிர்ச்சோறு, வெண்பொங்கல், கேசரி, எலுமிச்சைச் சோறு போன்றவை பொதுவாகத் தீங்கற்றவை. எனினும் ஒரு சொல் கேட்டுக்கொள்வது நலம். கேட்பதில் வெட்கம் இல்லை. சொல்வதற்கு உணவகத்தாரும் தயங்குவதில்லை.

உண்மையான இடர் சைவக் கடைகளுக்கு வெளியேதான் காத்திருக்கிறது. அசைவமும் விற்கும் கடையில் பரோட்டாவை வெறும் பரோட்டா என்று கேட்டு வாங்கினாலும், அது வெந்த கல்லில் சற்று முன்னர் முட்டைப் பரோட்டா புரண்டிருக்கும். உணவங்காடியில் கீரை வதக்கல் பார்வைக்குப் பச்சைப் பசேலென்று தோன்றும். அதில் பெலாச்சான் என்னும் இறால் விழுது கலந்திருக்கும். சீனக் கடையின் காய்கறியில் சிப்பிச் சாறு ஊற்றியிருப்பர். நாசி லெமாக்கின் சம்பலில் நெத்திலி இருக்கும். இவற்றை அறியாது உண்டுவிட்டு, பின்னர் அறிந்து, விரதம் கெட்டதோ என்று கலங்குவோர் பலர். அவர்களுக்குச் சிராங்கூன் சாலைக்கு வருவதற்கு ஆகும் பயணக் கட்டணம் பெரிதன்று. 2003ஆம் ஆண்டில் லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் பெருவிரைவு ரயில் நிலையங்கள் திறக்கப்பட்டதிலிருந்து, தீவின் எம்மூலையில் இருப்பவரும் இங்கே எளிதில் வந்துசேர முடிகிறது.

சீனப் பௌத்தர்களின் மரக்கறிக் கடைகளைப் பற்றியும் அன்பர்கள் வினவுவதுண்டு. கட்டுப்பாடு மிக்க கடைகளில் வெங்காயமும் பூண்டும்கூட விலக்கப்படுகின்றன. அவ்வகையில் நம் சாம்பாரைவிட அவர்களின் குழம்பு விரதத்துக்கு நெருக்கமானது என்றே சொல்லலாம். ஆனால் சோயாவையும் மாவையும் கொண்டு கோழியாகவும் மீனாகவும் ஆட்டிறைச்சியாகவும் வடிவமைத்து, அப்பெயர்களாலேயே அழைத்து உண்பது நமக்கு உவப்பாக இல்லை. நாக்கு விரதம் காக்கிறது, மனம் காக்கவில்லை என்றாகிவிடும். இது எம் கருத்து, மாறுபடுவோர் மாறுபடலாம்.

சீன நண்பர்களும் நம் சைவக் கடைகளுக்கு வருகின்றனர் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களுள் பலர் தம் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் புலால் உண்பதில்லை. பதினைந்தாம் நாள் என்பது முழுநிலவை ஒட்டியது; தைப்பூசமும் முழுநிலவை ஒட்டியதே. 2025ஆம் ஆண்டில் தைப்பூசம் பிப்ரவரி 11ஆம் நாள் வந்தது. சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள் மறுநாளே வந்தது. வேறு வேறு தெய்வங்களை வேண்டிக்கொண்டவர்கள் ஒரே நிலவின் கீழ் ஒரே மேசையில் தோசை உண்ணும் காட்சியை நம் சாலையில் காணலாம்.

இந்த உணவகங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது. கிருமித்தொற்று முறியடிப்பு நடவடிக்கைகள் ஏப்ரல் 7ஆம் நாள் தொடங்கியபோது, உணவகத்தில் அமர்ந்து உண்பது தடைசெய்யப்பட்டது. ஜூன் 19ஆம் நாள்தான் மீண்டும் நாற்காலிகள் கீழிறங்கின. அதுவரை இலை இல்லை, பொட்டலம் மட்டுமே. அடுத்து வந்த 2021, 2022 ஆகிய ஆண்டுகளின் தைப்பூசத்தில் காவடி ஊர்வலமும் இல்லை. 2023இல் ஊர்வலம் மீண்டபோது சாலையின் உணவகங்களும் பழைய முகத்தைக் காட்டின. ஆனால் அவற்றின் சுமை குறையவில்லை. வாடகை ஒருபுறம், 2024 முதல் 9 விழுக்காடாக உயர்ந்த பொருள் சேவை வரி மறுபுறம், எல்லாவற்றுக்கும் மேலாக, சமையலுக்கு ஆள் கிடைக்காமை.

நம் பிள்ளைகள் அடுப்படிக்கு வருவதில்லை. விடியற்காலையில் எழுந்து மாவைப் பதம் பார்த்து, நாள் முழுதும் கொதிக்கும் எண்ணெயின் முன் நிற்கும் வேலைக்குத் தமிழகத்திலிருந்து வருவோரையே நம்பியாக வேண்டியுள்ளது. 2023 செப்டம்பர் முதல், மாதச் சம்பளம் 2,000 வெள்ளிக்குக் குறையாமல் கொடுத்து, வேலை அனுமதிச் சீட்டின்கீழ் இந்தியச் சமையற்காரர்களை வரவழைக்க இந்திய உணவகங்களுக்கு அரசாங்கம் இசைவு தந்தது. உணவகத்தாருக்கு அது பெரும் ஆறுதல். விலை ஐம்பது காசு ஏறிவிட்டதென்று கல்லாவில் நின்று வாதிடும் அன்பர்கள் இக்கணக்கையும் கூட்டிப் பார்க்க வேண்டுகிறோம்.

அந்தச் சமையற்காரரைப் பற்றித்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். ஊரில் தம் குலதெய்வத்துக்கும் பழனிக்கும் நேர்ந்துகொண்டு இங்கே வந்தவர் அவர். தைப்பூசம் அவருக்கும் விழாதான். ஆனால் நாம் விரதம் இருக்கும் நாள்களே அவருக்கு வேலை மிகுந்த நாள்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாள் கோயிலில் தரிசனம் முடித்துவிட்டு நாம் இலைக்கு வரும்போது, அவர் பெருமாளைக் காணாமல் நமக்குச் சாம்பார் தாளித்துக்கொண்டிருப்பார். தைப்பூசத்தன்று காவடிகள் பெருமாள் கோயிலிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நடந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயத்தை அடைகின்றன. மேளச் சத்தம் கேட்கும் தொலைவில் நின்றுகொண்டு, காவடியைக் காணாமல் இட்லித் தட்டைக் கவிழ்ப்பவர் அவர்.

கோயில் அன்னதானத்தில் நாம் எப்படி அமர்கிறோம்? பந்தியில் இடம் கிடைக்கும்வரை பொறுமையாக நிற்கிறோம், இட்டதை உண்கிறோம், இலையில் மீதம் வைக்கக் கூசுகிறோம். பரிமாறும் தொண்டூழியரைக் கும்பிடுகிறோம். அதே நாம் காசு கொடுத்து உண்ணும் இடத்தில் கைதட்டி அழைக்கிறோம். பாதிச் சோற்றை இலையோடு மடித்துவிட்டு எழுகிறோம். இரண்டு இடத்திலும் விரதம் ஒன்றே, அன்னமும் ஒன்றே. அன்னதானத்துக்கு வாரி வழங்கும் புரவலர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்களுள் உணவக உரிமையாளர்களும் உண்டு. அவர்கள் நினைத்தால் விழா நாளில் தம் ஊழியரை இரண்டு மூன்று அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் சில மணி நேரம் விடுப்புத் தரலாம். அந்த நேரத்தில் இட்லி சற்றுத் தாமதமாக வந்தால் வாடிக்கையாளராகிய நாம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் கேட்பது.

பால்குடங்கள் பூசத்துக்கு முதல் நாள் நள்ளிரவுக்குச் சற்று முன்பே புறப்படத் தொடங்கிவிடுகின்றன. இரவு கடை சாத்தியதும் குளித்து, மஞ்சளாடை உடுத்தி, அந்த முதல் கூட்டத்தோடு நடந்தால், டேங்க் ரோட்டில் பாலைச் சேர்த்துவிட்டு, காலைப் பலகாரத்துக்கு அடுப்பு மூட்டும் நேரத்துக்குள் சிராங்கூன் சாலைக்குத் திரும்பிவிட முடியும்.