ரிவர்ஸ் கேமரா தெரியலையா? முதலில் பின்னாடி லைட்டைப் பாருங்க!

ரிவர்ஸ் கியர் போட்டும் திரை கருப்பாகவே இருக்கா? உடனே புது கேமரா வாங்கிடாதீங்க. கடத்தூர் பக்கம் மண் ரோட்டில் ஓடும் காரில் படம் மங்கலாக இருந்தால், பெரும்பாலும் லென்ஸில் படிந்த புழுதிதான், ஈரத்துணி போதும்.

படமே வரவில்லையா? கடையில் தனியாக மாட்டிய கேமராவுக்குப் பெரும்பாலும் ரிவர்ஸ் லைட் வயரிலிருந்துதான் கரண்ட் போகிறது. அந்த லைட்டும் எரியவில்லை என்றால் ஃபியூஸ் போயிருக்கலாம். லைட் எரிந்தும் 'நோ சிக்னல்' வந்தால், டிக்கி கதவு மடங்கும் இடத்தில் உள்ள ரப்பர் குழாயைப் பாருங்க. திறந்து மூடி உள்ளே வயர் அறுந்திருக்கும். மெக்கானிக்கே ஒட்டித் தந்துவிடுவார்.

2019 ஜூலை முதல் புதிய கார்களில் கட்டாயமானது ரிவர்ஸ் சென்சார்தான், கேமரா அல்ல. பம்பரை ஒட்டி உட்கார்ந்திருக்கும் குழந்தையை சென்சார் தவறவிடலாம். அதனால் கேமரா சரியாகும்வரை, இறங்கிப் பின்னால் பார்த்துவிட்டே வண்டியை எடுங்க.